புள்ளி வைத்த பெயர்கள்

மலேசியாவின் ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில் நித்யகல்யாணி சில்க்ஸ் என்று ஒரு ஜவுளிக்கடை. அங்கே சேலை எடுக்கும் பெண்களிடம் புனிதாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெலுக் இந்தானில் தெரியும் என்பார்கள். லூமுட்டில் தெரியும் என்பார்கள். மலை மேலே காய்கறித் தோட்டத்தில் இருக்கிற பெண்கள்கூடத் தெரியும் என்பார்கள். ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். ஏனென்றால் புனிதா இருப்பது கடையின் மாடியில், ஒரு மேசையும் ஒரு கைப்பேசியும் ஒரு மின்விசிறியும் உள்ள அறையில். கடையின் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் வேலை.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பிறந்தது கோப்பெங்கிற்கு வெளியே ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பரைத்தான் இங்கே கித்தா என்பார்கள். அவள் பள்ளி முடிப்பதற்குள் கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வரிசை வீடுகள். அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் புனிதா தனியாக இருக்கிறாள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே தம்பி தீபன் ஜொகூரில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்கள்கூட இப்போது இல்லை. அந்தக் கேள்விக்கும் ஒரு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள் போலும்.

காலை பஸ்ஸில் ஈப்போவுக்கு வருவாள், மாலை பஸ்ஸில் திரும்புவாள். இடையில் அவள் பேசுவதெல்லாம் விரலால்தான். "அக்கா, அந்த மாம்பழக் கலர் வந்துருச்சு. ஒங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கவா?" என்று எழுதுவாள். வாங்கச் சொல்லி ஒருநாளும் நெருக்க மாட்டாள். யார் மகளுக்குப் பரீட்சை, யாருக்கு முழங்கால் வலி, யார் வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலாளி சிவபிரகாசம் கல்லாவில் உட்கார்ந்தபடி, "மேல ஒரு ரேடியோ ஸ்டேஷன் வச்சிருக்கேன்" என்று வருகிறவர்களிடம் கேலி செய்வார். கேலிதான், ஆனால் அந்த ரேடியோவால்தான் கடை ஓடுகிறது என்று அவருக்கும் தெரியும்.

கடையில் ஒரு விதி உண்டு. வேலை செய்பவர்கள் தங்கள் சொந்த எண்ணை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது. முன்பொரு பெண் அப்படிக் கொடுத்து, பாதி வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு தனிக்கடை வைத்துவிட்டாள். புனிதா அந்த விதியைக் கோயில் விதிபோலக் காத்தாள்.

அவளிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. வாடிக்கையாளர் பெயர்களை அதில் வரிசையாக எழுதியிருப்பாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அவர்கள் கணவனை இழந்தவர்கள். வரலட்சுமி நோன்பு, காரடையான் நோன்பு என்று வரும்போது, மஞ்சள் சரடும் தாலி பாக்கியமும் பேசுகிற செய்தி அந்தப் பெயர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வாள். அதற்கு ஒரு சொல் இருக்கிறது, அதை எழுதலாம். அவளுக்குக் கை வராது. எழுதினால் அந்தப் பெண்ணை இன்னொரு தரம் நடுவீட்டில் உட்காரவைத்து வளையலை உடைப்பதுபோல இருக்கும் அவளுக்கு. அதனால் புள்ளியோடு நிறுத்திக்கொண்டாள். நோட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது.

புள்ளி வைத்த பெயர்களில் ஒன்று கலாதேவி. தெலுக் இந்தான்காரி, அறுபதைத் தாண்டியவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் தங்கை மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலை வேறு நிறத்தில் போய்விட, சண்டை போட எழுதியவள், புனிதா சமாதானம் சொன்ன விதத்தில் சிநேகிதி ஆகிவிட்டாள். அடுத்த மூன்று வருஷத்தில் கணவர் ஐயாவு செம்பனை லாரியிலிருந்து இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்றைக்குக் கலாதேவி கடை எண்ணுக்கு அழைத்து, அவர் போய்விட்டார் என்று மட்டும் சொல்லி அரை மணி நேரம் அழுதாள். புனிதா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவர்கள் குரலில் பேசிய ஒரே தரம். அதன் பிறகு இருவருமே அதைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதிக்கொள்ளவில்லை. கலாதேவி சேலை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் தினமும் பகலில் கடை எண்ணுக்கு ஒரு செய்தி வரும்.

"சாப்டியா?"

உலகத்தில் புனிதாவை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே ஜீவன் தெலுக் இந்தானில் இருந்தது. "சாப்டேன்க்கா, சோறும் ரசமும்" என்று இவள் எழுதுவாள். "நீங்க?" என்பாள். அங்கிருந்து கீரைச் சட்டியின் படம் வரும். ஒருநாள் வந்துவிட்டுப் போ என்று கலாதேவி சொல்லிக்கொண்டே இருந்தாள். வாரேன் வாரேன் என்று புனிதாவும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் முடிகிற காரியம்தான். முகம் பார்த்துவிட்டால் இந்தப் பேச்சு இப்படியே இருக்குமா என்று ஒரு பயம்.

போன வருஷம் கலாதேவியின் பக்கத்து வீட்டுக்காரரை யாரோ போனில் மகன் மாதிரிப் பேசி ஏமாற்றிவிட்டார்கள். அன்று புனிதா பதறிப்போய்ப் பாடம் நடத்தினாள். தெரியாத நம்பரை எடுக்காதீங்கக்கா. புது நம்பர்ல யாராச்சும் நான்தான்னு எழுதுனா நம்பாதீங்க, நானே எழுதுனாலும் நம்பாதீங்க, ஒடனே பிளாக் பண்ணிருங்க. கலாதேவி நல்ல மாணவி. அப்படியே மனசில் போட்டுக்கொண்டாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் முதலாளியின் மகள் தேவிஸ்ரீ கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது, சுறுசுறுப்பு, நல்ல பெண். வரும்போதே ஒரு கணினித் தளத்தைக் கொண்டுவந்தாள். செயற்கை நுண்ணறிவில் ஓடுவது. யார் எப்போது செய்தியைத் திறக்கிறார்கள், எந்தப் படத்தில் எத்தனை நொடி நிற்கிறார்கள், அதில் யார் வாங்குவார்கள் என்று எல்லாவற்றையும் அலசிச் சொல்லும். புனிதா எழுதிய பன்னிரண்டு வருஷச் செய்திகளையும் அதற்குள் ஏற்றினார்கள். அவற்றைப் படித்துவிட்டு அது புனிதா மாதிரியே எழுதக் கற்றுக்கொண்டது. அக்கா போடும் இடத்தில் அக்கா, பேச்சின் கடைசியில் லா போடும் இடத்தில் லா.

"இனிமே நீங்க லீவுல போனாலும் நீங்க இருப்பீங்க லா, புனிதாக்கா" என்றாள் தேவிஸ்ரீ. அன்பாகத்தான் சொன்னாள்.

தளம் கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. காலை பத்து நாற்பதுக்குச் செய்தி போனால்தான் அதிகம் பேர் திறக்கிறார்கள் என்று முதல் வாரமே கண்டுபிடித்தது. சோற்றை உலையில் வைத்துவிட்டுப் போனை எடுக்கும் நேரம் அது. புனிதா எப்போதும் பதினொன்றுக்குத்தான் அனுப்புவாள். பன்னிரண்டு வருஷமாக இருபது நிமிஷம் பிந்தி வந்திருக்கிறோம் என்று தெரிந்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சேலையை முழுசாக விரித்த படத்தைவிட, முந்தானையைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிகிற படத்தில்தான் பெண்கள் நின்று பார்க்கிறார்கள் என்றும் அது சொன்னது. அந்தக் கை புனிதாவுடையது. அறிக்கையில் 'கை' என்று மட்டும் இருந்தது.

வாடிக்கையாளர்களையும் அது மூன்றாகப் பிரித்தது. வாங்குகிறவர்கள், வாங்கக்கூடியவர்கள், சும்மா பேசுகிறவர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மனுஷர் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னது. கலாதேவி மூன்றாவது கூட்டம். புனிதாவின் வேலை மாறியது. இப்போது அவள் எழுத வேண்டியதில்லை. காலையில் தளத்தின் அறிக்கையைப் படித்து, சேலைப் படங்களுக்குப் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும். கடை எண் கணினிக்குள் போய்விட்டது, அதிலிருந்து இனி குரலிலும் அழைக்க முடியாது. உரையாடலை யாராவது கையிலெடுக்க வேண்டுமானால் 'டேக் ஓவர்' என்று ஒரு பொத்தான் உண்டு. மூன்று நிமிஷம் எதுவும் அனுப்பாமல் இருந்தால் தளம் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கினால் அமுக்கினதாக அறிக்கையில் விழும், இந்த மாசம் அது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று தேவிஸ்ரீ கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக, புனிதா இப்போது பகல் நேரத்தில் திரையைத் திறந்து, கலாதேவி "சாப்டியா?" என்று கேட்பதையும், தன் பெயரில் வேறொன்று "சாப்டேன்க்கா" என்று சொல்வதையும் வாசித்தாள். கலாதேவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் தெரியும், ரெண்டு நாளில் தெரியும் என்று புனிதா காத்திருந்தாள். நாலு மாசம் ஆகியும் தெரியவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. தன்னை அவ்வளவு எளிதாக நகல் எடுத்துவிட முடியுமா என்று.

விவரங்களை ஏற்றிய நாளில் தேவிஸ்ரீ ஒரு படிவம் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே குடும்ப நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. "இந்தச் செய்தியிலெல்லாம் இல்லாத விசயம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கக்கா, மிஷினுக்கு அது தெரியாது" என்று அவள் கேட்கத்தான் கேட்டாள். புனிதா இழுப்பறையைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் நாற்பத்தொரு பெண்களுக்கு நேரே அந்தச் சொல்லைத் தட்ட வேண்டும். விரல் போகவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். கட்டங்களைக் காலியாக விட்டாள்.

காலியாக விட்டதைத் தளம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. சேலை எடுத்த, வயதில் மூத்த பெண், குடும்பத்துக் கல்யாணத்துக்கு வாங்கியவள், ஆகவே சுமங்கலி.

வரலட்சுமி நோன்பு வந்தது. அந்த வாரம் கீழே கூட்டம் தாங்கவில்லை, செவ்வாயும் புதனும் புனிதாவையும் கீழே இறக்கிவிட்டார்கள். வியாழன் காலைதான் மாடிக்குப் போய் அறிக்கையைத் திறந்தாள். நோன்புச் செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. நல்ல விற்பனை, பச்சைப் பச்சையாகக் குறிகள். நடுவில் ஒரு சிவப்பு. கலாதேவி.

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்குக் கலாதேவிக்குப் போனது இது: "அக்கா, நோன்பு வருது லா. ஒங்க தாலி பாக்கியம் நெலைக்க இந்த மஞ்சப்பட்டு கட்டிக்குங்க. மஞ்சச் சரடு நான் வச்சு அனுப்புறேன்." அச்சு அசல் புனிதா.

செவ்வாய் முழுக்கக் கலாதேவி பேசவில்லை. புதன் பேசவில்லை. சாப்டியா என்றுகூடக் கேட்கவில்லை. வியாழன் காலை எழுதியிருந்தாள்: "இத எனக்கு ஏன் அனுப்புன புனிதா?"

இரண்டே நொடியில் பதில் போயிருந்தது. "மன்னிச்சிருங்கக்கா, தப்பாப் போச்சு. என் அக்காவுக்கு மனசு நோகுற மாதிரி நான் செய்வேனா? கோவிச்சுக்காதீங்க லா."

கலாதேவி கொஞ்ச நேரம் கழித்து எழுதினாள். "சரி விடு. மனுசங்கதானே, மறந்து போவும்."

அதன்கீழே தளம் ஒரு பச்சைக் குறி போட்டிருந்தது. வாடிக்கையாளர் மீட்கப்பட்டார்.

புனிதா நோட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். தேவிஸ்ரீ புள்ளிகளைப் பார்த்தாள், புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது. ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்ல வாய் வராத விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்றால் என்ன சொல்வது? தேவிஸ்ரீ அங்கேயே உட்கார்ந்து நாற்பத்தொரு பெயரையும் நோன்புச் செய்திகளிலிருந்து நீக்கினாள். மற்றவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னாள். கடையைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது.

புனிதாவுக்கு முடியவில்லை. தான் மறந்துவிட்டதாகக் கலாதேவி நினைக்கிறாள். அந்த அரை மணி நேர அழுகையைக் கேட்டவள், தாலியைப் பற்றி எழுதிவிட்டாள் என்று நினைக்கிறாள். நினைத்துக்கொண்டே மன்னித்தும்விட்டாள். தான் செய்யாத தப்புக்கு, தான் கேட்காத மன்னிப்பு கிடைத்திருப்பது அவளை உறுத்தியது. இதை இப்படியே விட்டால் தனக்கென்று இருக்கிற ஒரே மனுஷியும் போய்விடுவாள் என்று தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடியில் யாரும் இல்லை. பொட்டலம் கட்டி வாங்கிவந்த சோறு மேசைமேல் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக விதியை மீறி, புனிதா தன் சொந்தக் கைப்பேசியை எடுத்தாள். முதலில் அழைத்தாள். இரண்டு தரம் அழைத்தும் எடுக்கவில்லை. அப்புறம் எழுதினாள்.

"அக்கா, நான்தான் புனிதா, ஜவுளிக்கடை புனிதா. இது என் சொந்த நம்பர். அந்த நோன்பு மெசேஜ் நான் அனுப்புல. மன்னிப்பு கேட்டதும் நான் இல்ல. அதெல்லாம் மிஷின். அண்ணன் செத்துப்போனது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்க அழுதத நான் மறக்கவே இல்லக்கா."

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்த அடையாளம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கலாதேவியின் படம், துளசிச் செடிக்குப் பக்கத்தில் நிற்கும் படம், மறைந்து வெறும் சாம்பல் வட்டம் ஆனது. நல்ல மாணவி. உடனே பிளாக் பண்ணிவிட்டாள்.

அடுத்த நிமிஷம் மேசைக் கணினியில் கடையின் எண்ணுக்கு ஒரு படம் வந்தது. புனிதா எழுதிய அதே செய்தி, கலாதேவி படமெடுத்து அனுப்பியிருந்தாள். அதன்கீழே நீளமாக எழுதியிருந்தாள்.

"புனிதா, எவனோ ஒன் பேரச் சொல்லி ஏமாத்தப் பாக்குறான். அவரு செத்த வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கான், பயமா இருக்கு லா. ஆனா நான் ஏமாறல. அஞ்சு வருசத்துல நீ ஒரு தடவகூட அத எழுதுனதில்ல. நீயா இருந்தா செத்துப்போனதுன்னு எழுதவே மாட்ட. அதுலயே கண்டுபுடிச்சிட்டேன்."

புனிதா அதை மூன்று தரம் வாசித்தாள். இந்த உலகத்தில் தன்னை இவ்வளவு அறிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் தாங்க முடியாத வலியாகவும் இருந்தது. அதற்குள் தளம் பதில் சொல்லிவிட்டிருந்தது: "நல்ல வேள சொன்னீங்கக்கா. பிளாக் பண்ணிருங்க. கவனமா இருங்க லா. சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல. கீர வதக்கிட்டிருக்கேன்" என்று கலாதேவி எழுதினாள்.

புனிதா பொத்தானை அமுக்கினாள். அறிக்கையில் விழுந்தால் விழட்டும். இப்போது கடை எண் அவள் கையில். கலாதேவி நம்புகிற எண். என்ன எழுதுவது? அந்தப் புது எண்தான் நான் என்று எழுதலாம். எழுதினால் இந்த எண்ணையும் சேர்த்து எவனோ பிடித்துக்கொண்டான் என்று அந்த அம்மாள் நடுங்கிப்போவாள், இதையும் பிளாக் பண்ணிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நிற்கலாம். முகம் தெரியாத ஒருத்தி வாசலில் நின்று நான்தான் புனிதா என்றால், இன்றைக்குப் பிறகு கதவைத் திறப்பாளா? எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைத்தான் அனுப்பினாள்.

"சாப்டீங்களாக்கா?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. கீரைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"இப்பத்தானே கேட்ட? மறந்துட்டியா? வேல ஜாஸ்தியா ஒனக்கு? நான் அப்புறம் சாப்புடுவேன். நீ சாப்டியா, மொதல்ல அதச் சொல்லு."

புனிதாவுக்குக் கண் மறைத்தது. எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்ப்பதும், மறுபடி மறைப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். நாலு மாசத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வி அவளிடமே கேட்கப்பட்டிருந்தது. அதற்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும், ரசம் சோறு என்று சும்மா சொல்லக் கூடாது, கலாதேவி படித்தவுடனே இது புனிதா என்று தெரிகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. திரையில் தானாக எழுத்துகள் ஓடின.

"சாப்டேன்க்கா, சோறும் ரசமும்."

மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் புனிதா இன்னும் பிரிக்கவில்லை.